குறைவாக அடித்த பென்னிக்குத்தான் விலை அதிகமா? மூன்று லிங்கன் காசுகள்

அமெரிக்காவின் ஒரு சென்ட் காசை அங்கே எல்லோரும் பென்னி என்றுதான் சொல்வார்கள். லிங்கன் தலை போட்ட பழைய பென்னிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த வருடம் எத்தனை அடித்தார்கள்?" என்பதுதான். குறைவாக அடித்திருந்தால் விலை கூடும் என்பது அவர்கள் கணக்கு. மூன்று காசுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது.

முதலாவது 1909 எஸ் வி.டி.பி. வருடத்தோடு வரும் எஸ் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் குறி, டி டென்வருடையது. லிங்கன் சென்ட்டை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் பெயரின் முதலெழுத்துகளான வி.டி.பி. பின்பக்கத்தின் அடியில் இருக்கும். அவை கண்ணை உறுத்துகின்றன என்று எதிர்ப்பு வந்ததால் சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சான்பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்தது 4,84,000 காசுகள். இரண்டாவது, டென்வரில் அடித்த 1914 டி: 11,93,000. மூன்றாவது, மறுபடியும் சான்பிரான்சிஸ்கோ, 1931 எஸ்: 8,66,000.

எண்ணிக்கைப்படி 1914 டி மலிவாக இருக்க வேண்டும். ஆனால் நன்றாகத் தேய்ந்த காசுகளை எடுத்துக்கொண்டால் வி.டி.பி. பல நூறு டாலர், 1914 டி நூறு டாலருக்கு மேல், 1931 எஸ் நூறுக்கும் கீழே. புதுக்கருக்கு மாறாத காசுகளில் இடைவெளி இன்னும் பெரிது. வி.டி.பி.யும் 1931 எஸ்-ஸும் தேய்ந்த காசின் விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்குக் கிடைக்கும். 1914 டி பத்து மடங்கைத் தாண்டிவிடும். அடித்த நாளின் செந்நிறம் அப்படியே நிற்கும் உயர்தரக் காசு என்றால், 1914 டி அந்தப் புகழ்பெற்ற வி.டி.பி.யையே முந்துகிறது.

காரணம் அந்தக் காசுகள் வாழ்ந்த வாழ்க்கை. 1909-இல் லிங்கன் சென்ட் புதுசு. ஆசைக்காக எடுத்து வைத்தவர்கள் ஏராளம். 1931 பொருளாதார மந்தக் காலம். குறைவாகத்தான் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் புதுக்காசாகவே அள்ளி வைத்துக்கொண்டார்கள். 1914 டி-யை யாரும் கவனிக்கவில்லை. கடை கடையாக, பை பையாகச் சுற்றியது. காசைச் செருகி வைக்க வருடத்துக்கு ஒரு துளை போட்ட அட்டைகள் 1930களில் விற்பனைக்கு வந்து, சாதாரண ஜனங்கள் சில்லறையைத் துழாவ ஆரம்பித்தபோது அதற்கு ஏற்கெனவே இருபது வருடத் தேய்மானம். அதனால் எத்தனை அடித்தார்கள் என்பதைவிட, எத்தனை நல்ல நிலையில் தப்பின என்பதுதான் என் பார்வையில் உண்மையான அரிய தன்மை. 1926 எஸ் இதற்கு உச்சம்: 45,50,000 அடித்த காசு, தேய்ந்திருந்தால் சில டாலர்தான், செந்நிறம் குறையாத உயர்தரக் காசு ஒன்று ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியது.

காசின் நிலையை அளக்க, நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் பழைய பெரிய சென்ட்டுகளுக்காக வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. லிங்கன் காசில் பின்பக்கக் கோதுமைக் கதிரின் கோடுகளையும் முன்பக்கத்தில் லிங்கனின் கன்ன எலும்பு, தாடை ஆகியவற்றையும் பார்ப்பார்கள். அப்புறம் நிறம்: சிவப்பு, சிவப்பும் பழுப்பும் கலந்தது, முழுப் பழுப்பு. செம்பைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்க நம் கை துறுதுறுக்கும். தயவுசெய்து வேண்டாம். தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் அந்தப் பளபளப்பு அசல் இல்லை என்று பழகிய கண்ணுக்கு உடனே தெரியும். விலை நன்றாகக் குறைந்துவிடும். தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்கள் அதற்கு வழக்கமான எண்ணைத் தருவதில்லை.

நிலையை அதிகம் பொருட்படுத்தாத காசுகளும் உண்டு. 1943-இல் போருக்காகச் செம்பை மிச்சப்படுத்தி, துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். தப்பித்தவறிச் செம்பில் விழுந்தவை மிகச் சிலவே. 1947-இல் பள்ளி உணவகத்தில் ஒரு மாணவனுக்குச் சில்லறையாக வந்த அப்படியொரு காசு, புழங்கித் தேய்ந்ததுதான், 2019 ஏலத்தில் 2,04,000 டாலருக்குப் போனது. உங்களிடம் செம்பு நிற 1943 இருந்தால் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய எஃகு.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எது? பெயருக்காக வாங்குகிறவர் வி.டி.பி.யை வாங்கட்டும், தேய்ந்திருந்தாலும் விற்க ஆள் கிடைக்கும். 1931 எஸ் வாங்குவதானால் தேய்ந்ததை வாங்காதீர்கள். இன்னொரு மடங்கு போட்டால் புதுக்காசே கிடைக்கும்போது அது வீண். நான் தேர்ந்தெடுப்பது 1914 டி, கோதுமைக் கோடுகள் தெளிவாக நிற்கும், தேய்க்கப்படாத பழுப்புக் காசு. அந்த நடுத்தர நிலையிலேயே அது எளிதில் அகப்படாது.

வாங்குமுன் ஒரு பூதக்கண்ணாடி வேண்டும். 1944 டி காசின் முதல் 4-ஐச் செதுக்கி 1 ஆக்குவது பழைய மோசடி. 9-க்கும் 1-க்கும் நடுவே இடம் அகலமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு லிங்கனின் தோளடியைப் பாருங்கள். பிரென்னரின் எழுத்துகளை அங்கே மறுபடி சேர்த்தது 1918-இல்தான். அவை தெரிந்தால் அது 1914 காசு இல்லை.