களியக்காவிளைப் பக்கத்து டோனட்: சில ஆண்டுகளாக வாங்கிச் சாப்பிட்டவரின் மதிப்பீடு

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் கிளைச் சாலை ஒன்றில், ஒரு குடும்பம் நடத்தும் சிறிய பேக்கரி இருக்கிறது. அங்கே மாலையில் மட்டும் போடப்படும் சீனி டோனட்டைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வாங்கி வருபவன் என்ற முறையில் இந்த அனுபவத்தை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மாலை நான்கு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வாங்கினால், நான் இதுவரை சாப்பிட்ட டோனட்டுகளில் இதற்கு நிகரில்லை, இரவு எட்டு மணிக்கு அதே டோனட் சுமாரானது, மறுநாள் காலையில் அதற்குக் காசு கொடுப்பது வீண். கடையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. அவர்கள் போடும் அளவு ஊருக்கே போதாமல் இருக்கும்போது, வெளியூர்க் கார்களும் வந்து வரிசையில் நின்றால் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிடும்.

வேலை மாற்றலாகி இப்பகுதிக்கு வந்த புதிதில் இந்தக் கடையை நான் டோனட்டுக்காகத் தேடிப் போகவில்லை. அலுவலகத்தில் மாலைத் தேநீருக்கு யாராவது ஒருவர் வெட்டு கேக் வாங்கி வருவது வழக்கம். மைதா, முட்டை, சீனி, ஏலக்காய் சேர்த்துப் பிசைந்து, சோடா உப்பின் வேகத்தில் தலைப்பக்கம் பிளந்துகொள்ளும்படி எண்ணெயில் பொரித்தெடுக்கும் அந்தப் பலகாரம் திருவனந்தபுரம் தொடங்கி நம் விளவங்கோடு வட்டாரம் வரை தேநீர்க் கடைகளின் அன்றாடச் சரக்கு. அதை வாங்குவதற்காகப் போன ஒரு நாள், கண்ணாடி அலமாரியில் வெட்டு கேக்குக்குப் பக்கத்துத் தட்டில் டோனட் இருந்தது. நகரங்களில் பேரங்காடிகளில் விற்கும் டோனட்டை முன்பே சாப்பிட்டுப் பார்த்து, இனிப்புப் பூசிய பன் என்று ஒதுக்கி வைத்திருந்தவன் நான். ஆகவே பெரிய எதிர்பார்ப்பில்லாமல்தான் ஒன்றை வாங்கினேன். அன்று முதல் வெட்டு கேக் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில் இவ்வளவு சிறிய ஊர்களில்கூட இத்தனை நல்ல பேக்கரிகள் இருப்பதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணையும் வரை திருவிதாங்கூர்-கொச்சியின் ஒரு பகுதியாகவே இருந்தது; தொழில் பழகவும் படிக்கவும் சரக்கு எடுக்கவும் திருவனந்தபுரம்தான் பக்கத்து நகரம். கேரளத்தின் பேக்கரித் தொழிலோ 1880இல் தலசேரியில் மாம்பள்ளி பாப்பு தொடங்கிய பிஸ்கட் கடையிலிருந்து வேர்விட்டது. 1883 கிறிஸ்துமஸுக்கு மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காக அவர் செய்து கொடுத்த கேக்கை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் பெருமையோடு பேசுவார்கள். அந்தக் குடும்பத்தின் கிளைகள் பிறகு கேரளத்தின் பல நகரங்களில் கடை வைத்தன. நான் சொல்லும் பேக்கரியின் பெரியவரும் இளம் வயதில் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வேலை பழகிவிட்டு ஊர் திரும்பியவர்தான். இப்போதும் பன், ரொட்டி, ரஸ்க் ஆகியவற்றை விறகு எரிக்கும் போர்மா என்ற பேக்கரி அடுப்பில்தான் சுடுகிறார்கள். டோனட் மட்டும் பின்கட்டில், தனிச் சட்டியில்.

கல்லாவுக்கும் பின்கட்டுக்கும் இடையே இடுப்பளவுச் சுவர்தான் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் நடப்பதெல்லாம் கண்ணில் படும். முந்தின இரவே மைதாவில் ஒரு பங்கைத் தண்ணீரும் மிகக் குறைந்த ஈஸ்டும் விட்டுக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுகிறார்கள். மறுநாள் மதியம் அதனுடன் மீதி மாவு, பால், முட்டை, சீனி, வெண்ணெய், ஒரு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி, அதைவிடச் சற்று அதிகமாகத் துருவிய ஜாதிக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைகிறார்கள். ஜாதிக்காய் மேல்நாட்டு டோனட்டிலும் பழைய வழக்கம்தான். ஆனால் நம் மாவட்டத்து மலையோரத் தோட்டங்களிலும் கேரளத்திலும் விளையும் காயைக் கடையிலேயே துருவிப் போடுவதால், வாயில் வைப்பதற்கு முன்பே வாசனை வந்துவிடுகிறது. பிசைந்த மாவு ஒருமுறை பொங்கிய பிறகு, தட்டையாக உருட்டி எஃகு வளையத்தால் வெட்டி, எண்ணெய் தடவிய தட்டுகளில் அடுக்கி ஈரத்துணி போட்டு மீண்டும் பொங்க விடுகிறார்கள். இந்த இரண்டாவது காத்திருப்பில்தான் பெரும்பாலான கடைகள் அவசரப்படுகின்றன என்பது என் அனுமானம். பொங்காத மாவை எண்ணெயில் போட்டால், வெளியே சிவந்து உள்ளே கட்டியாக நிற்கும். அதை மறைக்கத்தான் மேலே சாக்லேட்டும் வண்ண மிட்டாயும் தேவைப்படுகின்றன.

பொரிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். ஈஸ்ட் சேர்த்த டோனட்டுக்கு எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். குறைந்தால் மாவு எண்ணெய் குடிக்கும், மிகுந்தால் மேல்தோல் கருகும். பெரியவரிடம் வெப்பமானி கிடையாது. வெட்டும்போது மிஞ்சிய மாவுத் துணுக்கு ஒன்றைப் போட்டு, அது அடியில் தங்காமல் எழும்பி வந்து எவ்வளவு நேரத்தில் நிறம் மாறுகிறது என்று பார்த்துத்தான் முதல் ஈட்டைப் போடுகிறார். ஒரு சட்டிக்கு ஆறு, அதற்கு மேல் போட மாட்டார். கூட்டம் எவ்வளவு நின்றாலும் இந்தக் கணக்கு மாறி நான் பார்த்ததில்லை. அதிகமாகப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும் என்பதே காரணம். மாவு சரியாகப் பொங்கியிருந்தால் டோனட் எண்ணெயில் பாதி மூழ்கிப் பாதி மிதக்கும். ஒரு பக்கம் வெந்து, திருப்பிப் போட்டு மறுபக்கம் வெந்து வரும்போது இடுப்பைச் சுற்றி ஒரு வெளிர் கோடு விழும். எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடில்லாமல் முழுவதும் ஒரே பழுப்பாக இருக்கும் ஈஸ்ட் டோனட் பெரும்பாலும் கனமாகத்தான் இருக்கும்.

எடுத்தவுடன் சீனியில் புரட்டுவதில்லை. ஒரு நாள் அவசரத்தில் சட்டியிலிருந்து எடுத்ததையே பொட்டலம் கட்டித் தரச் சொல்லிக் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா சம்மதிக்கவில்லை. "கொஞ்சம் ஆறட்டும் மக்களே, இப்பம் சீனி போட்டா எல்லாம் அலிஞ்சு போவும்," என்றார். அவர் சொன்னது சரிதான்: கொதிக்கும் டோனட்டில் சீனி கரைந்து பிசுபிசுப்பாகிவிடும், முற்றிலும் ஆறிய பிறகோ சீனி ஒட்டாமல் உதிரும். கை பொறுக்கும் சூட்டில் புரட்டினால், பொடிச் சீனி மணல் போல ஒட்டிக்கொண்டு, கடிக்கும்போது முதலில் நெறுநெறுப்பும், அடுத்து மெல்லிய தோலும், பிறகு பஞ்சுபோல் இழைபிரியும் உட்பகுதியும் வரிசையாகத் தெரியும். இழை பிரிவதுதான் முக்கியம். இந்த டோனட்டைக் கையால் பிய்த்தால் ரொட்டியைப் போல நார் நாராக வரும், கேக்கைப் போல உதிராது. இனிப்பெல்லாம் மேலே இருக்கும் சீனியில்தான். மாவில் உப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. அதனால்தான் கட்டன் சாயா எனும் பாலில்லாத தேநீருடன் இரண்டு சாப்பிட்டாலும் திகட்டுவதில்லை.

நடுவில் வெட்டியெடுத்த சின்ன வட்டங்களைத் திரும்பப் பிசையாமல் அப்படியே பொரித்து, ஒரு கிண்ணத்தில் குவித்து வைக்கிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு 5 ரூபாய்க்குக் காகிதக் கூம்பில் நான்கைந்து கிடைக்கும். கேரளத்துப் பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் படித்துவிட்டு எல்லை தாண்டி வரும் பிள்ளைகள் மலையாளத்தில் கேட்பார்கள், இங்குள்ள பிள்ளைகள் தமிழில் கேட்பார்கள். அம்மா இருவருக்கும் ஒரே கலப்பு மொழியில் பதில் சொல்வார். பெரியவர்கள் அந்தக் கிண்ணத்துக்கு ஆசைப்பட்டால் "அது பிள்ளைகளுக்கு" என்று மறுத்துவிடுவதும் உண்டு.

நீண்ட நாள் வாடிக்கையில் கவனித்த பெரிய மாற்றம் எண்ணெயில் நடந்தது. நான் வாங்கத் தொடங்கிய காலத்தில் வனஸ்பதியில்தான் பொரித்தார்கள். உணவுப் பொருள்களில், வனஸ்பதி போன்றவற்றில் உள்ள, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பின் அளவை எண்ணெயிலும் கொழுப்பிலும் 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தும் விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததை ஒட்டி, கடைப் பொறுப்பைப் பாதி ஏற்றுக்கொண்ட மகன் பாமாயிலுக்கு மாற்றினார். உடல்நலக் கணக்கில் இது நல்லதுதான் என்றாலும், முதல் சில மாதங்கள் டோனட் மோசமாகிவிட்டது என்பதை மறைக்க முடியாது. வனஸ்பதி ஆறியதும் உறைந்து மேற்பரப்பை உலர்வாகக் காட்டும். பாமாயில் அவ்வளவாக உறைவதில்லை, விரலில் ஒட்டும், காகிதப் பையில் கறை படியும். பழைய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். பிறகு வடியவிடும் முறையை மாற்றினார்கள்: செய்தித்தாளில் குவிப்பதை நிறுத்திவிட்டு, கம்பி வலைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைக்கிறார்கள். அதோடு குறை பெருமளவு தீர்ந்தது. மிஞ்சிய எண்ணெயை மறுநாள் டோனட்டுக்குப் பயன்படுத்துவதில்லை என்று மகன் சொல்கிறார். டோனட்டின் நிறத்தையும் வாசனையையும் வைத்துப் பார்த்தால் அதை நம்பாமலிருக்கக் காரணமில்லை.

மகனுடைய எல்லா முயற்சிகளையும் என்னால் பாராட்ட முடியவில்லை. சாக்லேட் பூசியது, உள்ளே கிரீம் வைத்தது, பிஸ்தா பச்சையில் ஒன்று என்று சில வகைகளைக் கொண்டுவந்தார். சாக்லேட் என்ற பெயரில் பூசுவது கோகோ சுவை சேர்த்த கொழுப்புக் கலவை. வாயில் மெழுகாக நிற்கிறது. கிரீம் வைத்தது ஆறிய டோனட்டில்தான் செய்ய முடியும் என்பதால், இந்தக் கடையின் பலமே அதில் காணாமல் போகிறது. பிஸ்தாவைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. கைபேசியில் படம் எடுக்கும் இளைஞர்கள் இவற்றைத்தான் வாங்குகிறார்கள் என்பதும், அந்த வருமானம் கடைக்குத் தேவை என்பதும் எனக்குப் புரிகிறது. முதன்முறை போகிறவர்கள் மட்டும் தயவுசெய்து சீனி டோனட்டைக் கேட்டு வாங்குங்கள்.

விலையைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. நான் வந்தபோது ஒன்று 10 ரூபாயாக இருந்தது, இப்போது 18 ரூபாய், அளவு குறையவில்லை. மாலுக்குள் இருக்கும் கடைகளில் ஒரு டோனட்டுக்குக் கொடுக்கும் காசில் இங்கே வீட்டிலுள்ளவர்கள் அனைவருக்கும் வாங்கிவிடலாம். கைபேசிப் பரிவர்த்தனை உண்டு, ஆனால் அம்மா கல்லாவில் இருந்தால் சில்லறையாகக் கொடுப்பதே விரைவான வழி. முட்டை சேர்த்த மாவு என்பதைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்கு இங்கே தேங்காய் பன் தவிர வேறு வழியில்லை.

மழைக்காலம் இந்த டோனட்டின் எதிரி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெறும் மாவட்டம் இது என்பதால், ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம் இருக்கும். அந்த நாள்களில் சீனி அரைமணி நேரத்தில் நீர்விட்டு, தோல் நமுத்துவிடுகிறது. கடையில் நின்றபடியே சாப்பிட்டால் பிழைத்தோம். வீட்டுக்குத்தான் எடுத்துப் போக வேண்டுமென்றால், சீனியில் புரட்டாமல் வாங்கி, சீனியைத் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் தருகிறார்கள். மூடிய பிளாஸ்டிக் டப்பாவை எந்தக் காலத்திலும் தவிர்ப்பது நல்லது, டோனட்டின் சூடே உள்ளே வியர்த்து அதைக் கெடுத்துவிடும். மிஞ்சியதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். மாவிலுள்ள மாச்சத்து அந்தக் குளிரில்தான் மிக வேகமாக இறுகும். வெளியில் மூடி வைத்தாலே மறுநாள் காலை வரை ஓரளவு தாங்கும். தோசைக்கல்லை எண்ணெயில்லாமல் மெலிதாகச் சுடவைத்து, இரண்டு பக்கமும் அரை நிமிடம் வைத்தெடுத்தால் தோல் கொஞ்சம் திரும்பி வருகிறது. மைக்ரோவேவில் வைத்தால் முதல் நிமிடம் மென்மையாக இருந்துவிட்டு அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் தோலாக இழுக்கும். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் உறவினர்களுக்காகக் கட்டிக்கொண்டு போன டோனட்டுகளுக்கு அங்கே கிடைத்த பாராட்டு மரியாதைக்குச் சொன்னது என்றே நினைக்கிறேன். அந்தப் பயணங்களுக்கு இப்போது இதே கடையின் ரஸ்க்கைத்தான் வாங்குகிறேன்.

நாள் ஒன்றுக்கு மூன்று ஈடு மாவு, அதோடு முடிந்தது. ஐந்தரை மணிக்கே தட்டு காலியான நாள்கள் நிறைய. ஏன் இன்னொரு ஈடு போடக்கூடாது என்று நான் உட்படப் பலரும் கேட்டிருக்கிறோம். ஆள் வைத்துப் போட்டால் விற்கத்தான் செய்யும், ஆனால் எட்டு மணிக்கு மிஞ்சுவதை யார் தின்பது என்பது பெரியவரின் பதில். மகன் இதில் மட்டும் அப்பாவை எதிர்ப்பதில்லை. தொலைபேசியில் சொல்லி வைத்தால் ஒரு வீட்டுக்கு ஆறு வரை எடுத்து வைப்பார்கள். ஐந்து மணிக்குள் போய் வாங்கவில்லையென்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகும் குடும்பம் என்பதால் அன்று கடை மாலையில்தான் திறக்கும், டோனட் கிடையாது. டிசம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பிளம் கேக் வேலையில் வீட்டிலுள்ள எல்லோரும் இறங்கிவிடுவதால், மாவு பொங்கவைக்கும் தட்டுகள்கூட கேக்குக்குப் போய்விடுகின்றன. அந்த வாரங்களில் டோனட்டைக் கேட்டுப் பயனில்லை. புத்தாண்டு கழிந்து முதல் திங்கட்கிழமை, மாலை நான்கு மணிக்கு மீண்டும் சட்டி ஏறும்.