பவளக் கப்சூல் வாங்க முதல் இத வாசிங்க

அம்மாக்கு மார்புப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருக்கு. போன மாசம் திருகோணமலை டவுனில ஒரு கடையில "பவளக் கப்சூல், கேன்சர் செல்லை அழிக்கும்" எண்டு சொல்லி ஒரு போத்தல் தந்தாங்க, 60 கப்சூல் 6,500 ரூபா. மாமி சொன்னா எண்டு வாங்கிட்டன், அந்த நேரம் ஆர் என்ன சொன்னாலும் காசு எடுத்து நீட்டிருவம்தானே.

லேபிள்ல போட்டிருக்கிற படம் மென்பவளம். திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற புறாமலைத் தீவுக்கு போட்ல போய் முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சா தெரியும், விரல் விரிச்ச மாதிரி சதைப்பிடிப்பா ஆடிக்கொண்டிருக்கும். ஆனா பின்பக்கம் சின்ன எழுத்தில கிடக்கிறது பவளக் கல்சியம். ஒரு கப்சூலை உடைச்சு சாசர்ல கொட்டி தேசிக்காய் பிழிஞ்சன், சர்ரெண்டு நுரைச்சுப் பொங்கிச்சுது. சுண்ணாம்புக் கல்லில புளி பட்டா அப்பிடித்தான் நுரைக்கும். அப்ப இது முருகைக்கல்லுப் பொடி, பவளத்திட கல்லுக்கூடு! எங்கட ஆக்கள் முந்தி சூளையில சுட்டு சுண்ணாம்பு எடுத்த அதே கல்லு.

மென்பவளத்தில விசயம் இருக்கிறது உண்மை, அதாலதான் நம்பிப்போறம். கல்லுக்கூடு இல்லாததால மீன் கடிக்காம இருக்க அது இரசாயனம் செய்து வச்சிருக்கும். அதில எலூத்தரோபின் எண்டு ஒண்டு, 90களில மேற்கு அவுஸ்திரேலியாக் கடல்ல எடுத்த மென்பவளத்தில கண்டது, செல் ரெண்டாப் பிரியேக்க உள்ளுக்குள்ள இருக்கிற நுண்குழாய்கள் கலைஞ்சு கலைஞ்சு சேரவேணும், இது கலைய விடாம இறுக்கிப் பிடிக்க செல் பிரிய ஏலாம செத்துப்போகும். அம்மாக்கு ஏத்துற பக்லிடாக்செலும் இதே வேலைதான், அது மரப்பட்டையில இருந்து வந்தது. பவளத்தில கிடைக்கிறது துளியளவு, மருந்துக்குக் காணாது. 2022ல அமெரிக்காவில ஆராய்ச்சியாளர்கள் இந்த வகைப் பொருள்களைச் செய்யிற மரபணு பவளத்திட உடம்பிலயே இருக்கு எண்டு கண்டுபிடிச்சிருக்கினம், கடல்ல பிடுங்காம லாப்லயே செய்யலாம் எண்டு இப்ப வழி பிறந்திருக்கு, எனக்கு அதில பெரிய நம்பிக்கை. ஆனா இண்டைக்கு வரைக்கும் மென்பவளத்தில இருந்து ஒரு கேன்சர் மருந்தும் கடைக்கு வரேல்ல.

பவளக் கல்சியத்தைக் கேன்சருக்கெண்டு வித்த ஆக்கள் மேல அமெரிக்க அரசு 2003லயே வழக்குப் போட்டது.

கிளினிக்கில டொக்டரிட்ட போத்தலைக் காட்டினன், கீமோ நேரம் எங்களிட்டக் கேக்காம ஒண்டும் குடுக்காதீங்க எண்டார். கடையில காசு திருப்பித் தரமாட்டாங்களாம். அம்மா குடிச்சது ரெண்டு, நான் உடைச்சது ஒண்டு, மிச்சம் 57 அலுமாரியில கிடக்கு.