ஆக்கோமா ஸ்கை சிட்டி டூர், கூடவே வெள்ளை மணல்: பினாங்கு ஆளுங்க நாலு பேரோட ரிவியூ

டல்லாஸ்ல வேலை பாக்குற கூட்டாளிய பாக்க நாங்க மூணு பேரு அக்டோபர்ல போயிருந்தோம், அவனையும் இழுத்துகிட்டு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பிளைட் புடிச்சு நியூ மெக்சிகோவுல அல்புகர்க்கி போய் இறங்குனோம். ரெண்டே நாள்தான். திரும்பி வந்ததுலேர்ந்து பாக்குறவங்க எல்லாம் "நியூயார்க்க விட்டுட்டு அந்த காஞ்ச ஊருக்கு எதுக்குடா போனீங்க"ன்னு கேக்குறாங்க, அதான் எழுதிடலாம்னு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அல்புகர்க்கியே 1,600 மீட்டர் உயரம். நம்ம பினாங்கு மலைய போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வெயில் அடிக்குது ஆனா வேர்க்காது, உதடு மட்டும் வெடிச்சிடும். தண்ணி நெறைய குடிங்க.

சனிக்கிழமை பசியாறல் இந்தியன் பியூப்லோ கல்ச்சுரல் சென்டர்ல. பியூப்லோன்னா அங்க உள்ள பூர்வகுடி மக்களோட ஊருங்க, நியூ மெக்சிகோவுல இருக்குற 19 பியூப்லோவும் சேந்து நடத்துறது, 1976ல திறந்தாங்களாம். போர்டுல இந்தியன்னு பாத்துட்டு ஒருத்தன் தோசை கிடைக்குமான்னு கேட்டான் லா, நெசமாவே கேட்டான். கிடைச்சது நீலச் சோளத்துல செஞ்ச பான்கேக்கும், தேன் ஊத்துன ஃப்ரை பிரெட்டும். பிரெட்டு நம்ம பூரியோட குண்டு அண்ணன்னு வச்சுக்கோங்க. எத ஆர்டர் பண்ணாலும் செவப்பா பச்சையான்னு கேப்பாங்க, மிளகா சாஸ், ரெண்டும் வேணும்னா "கிறிஸ்மஸ்"னு சொல்லணும். காரம் நம்ம சம்பல் பெலாச்சான் கிட்ட நிக்காது, ஆனா பச்சைல அந்த சுட்ட வாசம், நான் ரெண்டாவது கிண்ணம் வாங்குனேன்.

அங்கிருந்து வாடகைக் காடில மேற்கால ஒரு மணி நேரம், 60 மைல் இருக்கும், அந்த 19ல ஒண்ணான ஆக்கோமா. 110 மீட்டருக்கு மேல செங்குத்தா நிக்குற பாறை, மேல தட்டையா இருக்கு, அந்த தட்டைல ஊரு. ஏறக்குறைய 900 வருஷமா ஆளுங்க இருக்குற எடம். நம்ம இஷ்டத்துக்கு மேல ஏறிட முடியாது, கீழ உள்ள சென்டர்ல டிக்கெட் வாங்கி, அவங்க பஸ்ல, அவங்க கைட் கூடத்தான் போகணும். போட்டோவுக்கு பெர்மிட், வீடியோ கூடவே கூடாது, சர்ச்சுக்குள்ள, இடுகாட்டுல போட்டோவும் கூடாது. எங்க ஆளு ஒருத்தனுக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு, டிரோன் வேற தூக்கிட்டு வந்திருந்தான்.

எனக்கு அந்த ரூல்தான் புடிச்சது. நான் வளந்தது ஜார்ஜ்டவுன்ல, 2008ல யுனெஸ்கோ லிஸ்ட்ல ஏறுனதுக்கு அப்புறம் சியூ ஜெட்டி பக்கம் என்ன ஆச்சுன்னு தெரியும்ல, வீட்டுக்குள்ள பாட்டி சோறு சாப்புடுறத கூட ஜன்னல் வழியா படம் புடிக்கிறானுங்க. ஆக்கோமாவுல வருஷத்துல சில நாள் சடங்குன்னா ஊரையே சாத்திடுவாங்க, வெளியாளுக்கு டூரே கெடையாது. போறதுக்கு முன்னாடி தேதி பாத்துக்கோங்க.

மேல கரண்டு இல்ல, பைப் தண்ணி இல்ல. மழைத் தண்ணி தேங்குற பாறைக் குழி பக்கத்துல ஒரு மரம், அதான் எங்க காடுன்னு கைட் அக்கா சிரிச்சாங்க. அவங்களும் அந்த ஊரு பொண்ணுதான். வீடெல்லாம் பொம்பளைங்க வழிதானாம், கடைசி மகளுக்கு போவுமாம். இத கேட்டதும் வீட்டுல நாலு அக்காவுக்கு கடைசித் தம்பியா பொறந்தவன் ஒரு மாதிரி ஆயிட்டான்.

1629ல ஆரம்பிச்ச சர்ச் இருக்கு. அதுக்கு போட்ட உத்திரம் எல்லாம் ஏறக்குறைய 30 மைல் தூரத்து மலைலேர்ந்து தோள்ல தூக்கியாந்தது. இடுகாட்டுக்கு மண்ணு கூட கீழேர்ந்து சுமந்து நெரப்புனது, ஏன்னா மேல பாறைதான். அதுக்கு 30 வருஷம் முன்னாடி, 1599ல, ஓன்யாத்தேங்கிற ஸ்பெயின் கவர்னரோட படை இதே ஊர அழிச்சு, 25 வயசுக்கு மேல்பட்ட ஆம்பளைங்களுக்கு ஒரு கால் பாதத்த வெட்டணும்னு தீர்ப்பு போட்டிருக்கு. அந்த அக்கா இத மளிகை லிஸ்ட் படிக்கிற மாதிரி சொல்லிட்டு அடுத்த சந்துக்கு நடந்துட்டாங்க. 1680ல பியூப்லோக்காரங்க எல்லாம் ஒண்ணா எழுந்து ஸ்பெயின்காரன 12 வருஷம் வெளிய தொரத்தி வச்சிருந்தாங்க. நாள் எண்ணுறதுக்கு முடிச்சு போட்ட கயிற ஊர் ஊரா ஓடிப்போய் குடுத்தாங்களாம்.

வாசல்ல மேசை போட்டு பானை விப்பாங்க. பழைய பானை ஓட்ட அரைச்சு புது களிமண்ணுல கலந்து, சக்கரம் இல்லாம கையால திரிச்சு எடுத்து, வெள்ளை மேல கறுப்புக் கோடு. ஓடு அவ்வளவு மெல்லிசு, தட்டுனா டிங்குன்னுது. அச்சுல வார்த்து கோடு மட்டும் கையால போட்டதும் இருக்கு, வெல கம்மி, கேட்டா ஒளிக்காம சொல்லிடுவாங்க, அதனால கேளுங்க. தயவுசெஞ்சு பசார் மாலாம் மாதிரி வெல பேசாதீங்க. நான் பேசுனேன், அந்த பாட்டி சும்மா என்னையே பாத்தாங்க, முழுசா குடுத்துட்டேன். உள்ளங்கை அளவு பானைக்கு எத்தன வெள்ளின்னு வீட்டுல இன்னும் சொல்லல.

எறங்கும்போது பஸ் வேணாம்னு பாறைல வெட்டுன பழைய படி வழியா வந்தோம். தண்ணீர்மலைல 513 படி ஏறுனவன்னு பெருமையா போனேன், இங்க கையையும் சேத்து ஊனித்தான் எறங்க முடியுது. சிலிப்பர் போட்டுட்டு போவாதீங்க. கொறைன்னா டூர் சுருக்கமா முடிஞ்சிடுது, நெழல் இல்ல.

ஞாயித்துக்கெழம மூணரை மணி நேரம் தெக்கால ஓட்டி ஒயிட் சாண்ட்ஸ். 2019ல நேஷனல் பார்க் ஆனது. அது நம்ம கடற்கரை மணல் இல்ல, ஜிப்சம், பத்து பெரிங்கில மத்தியானம் கால் வச்சா துள்ளுவோம்ல, இங்க உச்சி வெயில்ல வெறுங்கால்ல ஜில்லுன்னு இருக்கு. பிளாஸ்டிக் தட்டு வாங்கி மெழுகு தடவி சறுக்கலாம், முப்பது தாண்டுன நாலு பேரும் ரெண்டு மணி நேரம் அதத்தான் பண்ணோம். சுத்தி ஏவுகணை சோதிக்கிற ராணுவ எடம், சில நாள் அதுக்காக ரோட்ட அடைப்பாங்க, காலைலயே பாத்துட்டு கெளம்புங்க.

ஆக்கோமாவுக்கு அஞ்சுக்கு அஞ்சு. மணலுக்கு நாலரை, அந்த தூரத்துக்கு அரை கொறைச்சேன். வாடகைக் காடி குடுத்த கம்பெனிக்கு ஒண்ணு, டெபாசிட்ட இன்னும் திருப்பி போடல.