முத்து மோதிரமா, பவள மோதிரமா?

மனம் அலைபாய்கிறது என்றால் முத்து, செவ்வாய் தோஷம் என்றால் பவளம். என் அக்காவின் கல்யாணம் தள்ளிப்போனபோது வீட்டில் பவளம்தான் வாங்கினார்கள். ஒரே வருடத்தில் அது வெளுத்துவிட்டது. "தோஷத்தை அது வாங்கிக்கிச்சு" என்றார் பாட்டி.

இரண்டுமே சுரங்கத்தில் வெட்டிய கல் அல்ல. முத்து சிப்பிக்குள் விளைவது. பவளம் சின்னஞ்சிறு கடலுயிரிகள் கூட்டமாகக் கட்டுவது. இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே சரக்கு.

சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளிதான் முத்தாகிறது என்பது நம் பக்கத்துக் கதை. பாம்புக் கூந்தல் கொண்ட அரக்கி மெதூசாவின் வெட்டுண்ட தலை பட்டு இறுகிய கடற்பாசியே பவளம் என்றார்கள் கிரேக்கர்கள். ரோமில் குழந்தைகளுக்குக் காப்பாகப் பவளக் கிளையைக் கட்டினார்கள். நம் முத்தை ரோமர்கள் மதிப்பதுபோல இந்தியர்கள் பவளத்தை மதிக்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் கொற்கையில் முத்துக் குளித்தார்கள். சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் மேற்கத்தியப் பவளம் வந்து இறங்கியது. தூரத்துப் பொருளுக்குத்தான் சக்தி அதிகம் என்று இரு பக்கமும் நினைத்ததாகத் தோன்றுகிறது.

குணமாக்கும் சக்தி? சித்த மருத்துவத்தில் முத்துப் பற்பமும் உண்டு, பவளப் பற்பமும் உண்டு. இருமலுக்குப் பவளப் பற்பம் கொடுப்பார்கள். ஆனால் அவை நெருப்பில் புடம் போட்டுப் பொடியாக்கி உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து. மோதிரக் கல் விரலில் பட்டுக்கொண்டே இருந்தாலும் தோல் வழியாக எதுவும் உள்ளே போகாது.

போட்டிருப்பவருக்கு நோய் வந்தால் பவளம் வெளுக்கும், முத்து மங்கும் என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டை அமிலம் அரிக்கும். வியர்வை, எலுமிச்சை, வினிகர், சென்ட் எது பட்டாலும் மேற்பரப்பு பாழாகும். அக்கா புளி கரைத்ததும் பாத்திரம் துலக்கியதும் அந்த மோதிரத்தோடுதான். பாட்டியிடம் இதை நான் சொல்லவில்லை.

ஒன்றைத்தான் வாங்குவது என்றால் முத்தையே வாங்கச் சொல்வேன். ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893இல் முத்து வளர்ப்பில் வெற்றி கண்ட பிறகு, நல்ல முத்து பண்ணையிலேயே கிடைக்கிறது. செம்பவளமோ ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பதில்லை. ஒடித்த கிளை திரும்ப வளரப் பல தலைமுறை ஆகும். சாயமேற்றிய மலிவான பவளங்களும் கடைகளில் நிறைய.

எதுவானாலும் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றி வையுங்கள். ராத்திரி மெல்லிய ஈரத்துணியால் துடைத்து, தனித் துணியில் சுற்றி வைத்தால் போதும்.