மெரினோ என்று விற்ற நூல், பெரியம்மாவின் கையில் உருகி ஒட்டியது

இணையத்தில் கம்பளி நூல் வாங்கிப் பின்னுகிறவர்கள், அதிலும் மலையூர்களில் இருக்கும் முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பின்னிக் கொடுக்கிறவர்கள், இதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். ‘நூறு சதவீத மெரினோ’ (மெரினோ செம்மறியின் மென்மையான கம்பளி) என்று எனக்கு விற்கப்பட்ட நூலில் ஆட்டு ரோமம் ஒரு இழைகூட இல்லை. முழுக்க அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அதை ஸ்வெட்டராகப் பின்னி அனுப்பி, கணப்பிலிருந்து ஒரு பொறி தெறித்து, உருகிய நூல் என் பெரியம்மாவின் கையில் ஒட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

நான் கோவையில் இருக்கிறேன். குன்னூரில் பள்ளியில் படித்தபோது தையல் ஆசிரியை பழக்கிவிட்ட பின்னல் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கை ஓயவில்லை. பெரும்பாலும் அன்றாடப் பொருள்கள்தான்: பேரனுக்குக் குல்லாய், பருத்தி நூலில் பாத்திரம் துடைக்கும் துணி, தெரிந்த வீட்டில் வளைகாப்பு என்றால் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு ஜோடி காலுறை. இவற்றுக்குப் பெரியகடை வீதிப் பக்கம் போய் நூல் வாங்குவேன். அங்கே கடைக்காரர் ‘உல்லன்’ என்றுதான் எடுத்துப் போடுவார், நானும் உல்லன் என்றுதான் கேட்பேன். ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தக் கண்டு அக்ரிலிக் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. அக்ரிலிக்கை நான் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். அடித்துத் துவைக்கலாம், பூச்சி அரிக்காது, சாயம் பளிச்சென்று நிற்கும். ஆனால் கனமாகவும் மெத்தென்றும் இருக்கும் எல்லா நூலையும் உல்லன் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், உண்மையான கம்பளி நூலைத் தொட்டுப் பார்த்து அறியும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. என்னை ஏமாற்றியவர்களுக்கு இந்தப் பழக்கமின்மைதான் மூலதனம்.

பெரியம்மா கோத்தகிரியில் இருக்கிறார். வயது 79. மார்கழி, தை மாதங்களில் அங்கே மாலை ஐந்து மணிக்கே குளிர் எலும்பைப் பிடிக்கும். பழைய வீடு என்பதால் கணப்பு இருக்கிறது. அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இந்த முறை சாதாரண உல்லன் வேண்டாம், அசல் கம்பளியில் பின்ன வேண்டும் என்று முடிவு செய்தேன். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்ததுபோல் இருக்காது, பனிக்காற்றில் அது பெரிய ஆறுதல். நெருப்பிலும் அது எளிதில் பற்றாது. அதையும் யோசித்துத்தான் கம்பளியைத் தேர்ந்தெடுத்தேன்.

கையால் சாயமேற்றிய நூல் என்று அழகான படங்களோடு விற்கும் ஒரு பக்கத்தில் கடுகு மஞ்சள் நிறத்தைப் பார்த்தேன். 50 கிராம் கண்டு 340 ரூபாய். இந்த விலையைக் கொஞ்சம் கவனியுங்கள். எண்பது ரூபாய் என்று போட்டிருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். இறக்குமதி மெரினோவைவிடச் சற்றே குறைவு, அக்ரிலிக்கைவிட ஆறு மடங்கு. கேட்டவுடன் நம்பத்தக்க விலை. 12 கண்டு, கூரியர் 120 ரூபாய், ஆக மொத்தம் 4,200. வீட்டில் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் வசதி இல்லை, முன்பணம் மட்டுமே என்றார்கள். சிறு தொழில் செய்யும் பெண் போலிருக்கிறது, நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்து அனுப்பினேன்.

வந்த கண்டுகளில் ஆலையின் பட்டை இல்லை. விற்பவரின் பூப்போட்ட தாள் மட்டும் சுற்றியிருந்தது. ‘மெரினோ, 50 கிராம்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் ஒன்றுமில்லை. தயாரித்தவர் யார், எந்த ஊர், அதிகபட்ச விலை என்ன, சாயத் தொகுதி எண் என்ன, எதுவும் இல்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நிறம் அவ்வளவு நன்றாக இருந்தது, ஆசையாக ஊசியில் ஏற்றிவிட்டேன்.

4 மி.மீ. ஊசி, பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி, முதுகுப் பக்கத்துக்கு 112 கண்ணி. முன்னால் பொத்தான் வைத்துத் திறப்பது, ஏனென்றால் பெரியம்மாவால் கையை உயர்த்தித் தலைவழியாக மாட்ட முடியாது. ஏறத்தாழ மூன்று மாதம், இரவு சமையல் முடிந்த பிறகு உட்கார்ந்து பின்னினேன்.

நூல் தன்னைப் பற்றி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. ஒரு கண்டு முடிந்து அடுத்ததை இணைக்கும்போது, கம்பளியாக இருந்தால் இரண்டு நுனிகளையும் நனைத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இழைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும், முடிச்சே வேண்டாம். இது எவ்வளவு தேய்த்தாலும் பிரிந்துகொண்டே இருந்தது. முடித்த பகுதியை நனைத்தபோது, ஈரக் கம்பளிக்கே உரிய அந்த ஆட்டு வாடை துளிகூட இல்லை. நனைத்து, அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் கம்பளி அந்த வடிவத்திலேயே நிற்கும். இது ஊசியை எடுத்த சிறிது நேரத்தில் பழையபடி சுருண்டுகொண்டது. மடித்து வைக்கும்போது படபடவென்று மின்பொறி தெறித்தது. என் கை தளர்ந்துவிட்டது, பின்னல் இறுக்கம் போய்விட்டது என்று என்னையே குறைசொல்லிக்கொண்டு கீழ்விளிம்பை இரண்டு முறை அவிழ்த்துப் பின்னினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பணத்தைவிட, என் கையின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையை அல்லவா அவர்கள் சில வாரங்களுக்குப் பறித்துவிட்டார்கள்.

கழுத்துப்பட்டிக்கு வரும்போது நூல் தீர்ந்துவிட்டது. கணக்குப்படி தீரக்கூடாது. இன்னும் ஒரு கண்டு கேட்டு வாங்கி, பிரிப்பதற்கு முன் சமையலறைத் தராசில் வைத்தேன்: 44 கிராம். எல்லாக் கண்டும் அப்படியே இருந்திருந்தால் பன்னிரண்டில் 72 கிராம் குறைகிறது, அதாவது ஒன்றரைக் கண்டு. அந்தப் புதிய கண்டு வேறு சாயத் தொட்டியில் முக்கியது, பகல் வெளிச்சத்தில் பட்டி மட்டும் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரிந்தது. கேட்டதற்கு, கைச்சாயம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வரி பதில். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

பொங்கலுக்கு முன் ஸ்வெட்டரைக் கோத்தகிரிக்குக் கொண்டுபோய் நானே மாட்டிவிட்டேன். பெரியம்மா கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார்.

மாதக் கடைசியில் மறுபடி போனபோது, ஸ்வெட்டரின் இடது கையை மூன்று மடிப்பாக மேலே ஏற்றிவிட்டிருந்தார். குளிரில் எதற்காக மடித்திருக்கிறீர்கள் என்று மடிப்பை இறக்கினேன். பட்டாணி அளவு ஓட்டை. சுற்றிலும் கறுப்பாக, நகம் போலக் கெட்டியான விளிம்பு. அதற்கு நேர் கீழே தோலில் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு கொப்புளத்தின் தடம். பொங்கல் முடிந்த வாரத்தில் விறகு வெடித்துப் பொறி விழுந்திருக்கிறது. தட்டிவிடப் பார்த்தபோது பிசின் போல ஒட்டிக்கொண்டதாம். “நீ இவ்வளவு பாடுபட்டுப் பின்னியதைப் பாழாக்கிவிட்டேனே கண்ணு, அதனால்தான் சொல்லவில்லை” என்றார். பதினைந்து நாள் மறைத்து வைத்திருந்திருக்கிறார்.

அந்தக் கறுப்பு விளிம்பைத் தொட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. கம்பளி ஒருபோதும் இப்படி உருகாது. தலைமுடி கருகுவதுபோல் கருகும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும், மிஞ்சும் கரி விரலில் பொடிந்துபோகும்.

கோவைக்குத் திரும்பியதும் மீதி நூலில் சோதித்தேன். நீங்களும் செய்யலாம், ஆனால் கவனமாக. ஜன்னலைத் திறந்து வைத்து, குழந்தைகளை அப்பால் அனுப்பி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, எவர்சில்வர் தட்டுக்கு மேலே ஒரு விரல்நீள இழையை இடுக்கியால் பிடித்து நுனியை மெழுகுவத்தியில் காட்டுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க என் அம்மாவின் பழைய கம்பளிச் சால்வையிலிருந்து ஒரு இழை உருவி எடுத்தேன். அது சுருங்கி, முடி கருகும் நாற்றத்தோடு அணைந்தது. ‘மெரினோ’ நூலோ சட்டென்று பற்றி, கரும்புகையோடு சொட்டி, தட்டில் கல் போன்ற கறுப்பு மணியாக உறைந்தது. மூக்கைக் குத்தும் காரமான நெடி, அதை முகர்ந்து பார்க்காதீர்கள். பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வரும்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். வந்த பதில் திறமையானது, அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன். “இது சூப்பர்வாஷ் மெரினோ, மெஷினில் துவைப்பதற்காக மேல்பூச்சு கொடுத்தது, பூச்சுதான் உருகியிருக்கிறது” என்றார்கள். சூப்பர்வாஷ் என்பது பொய்யில்லை. கம்பளி இழையின் செதில்களை மழுக்கி, மெல்லிய பிசின் பூசி, துவைக்கும்போது சுருங்காமல் செய்யும் முறை உண்மையாகவே உண்டு. உள்ளங்கையில் தேய்த்தும் நூல் இணையாததற்கும் அது காரணமாக இருக்கலாம். அரைகுறையாகத் தெரிந்தவரை வாயடைக்கச் செய்ய இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் பூச்சுக்கு உள்ளே இருப்பது கம்பளிதானே. கம்பளி புரதம், சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள திரவப் பிளீச்சில் கரைந்துவிடும், சூப்பர்வாஷானாலும் கரையும். கண்ணாடிக் கிண்ணத்தில் பிளீச் ஊற்றிச் சால்வை இழையையும் இந்த நூலையும் போட்டு இரவு முழுவதும் விட்டேன். காலையில் சால்வை இழை இல்லை. கடுகு மஞ்சள் நூல் நிறம் வெளுத்து முழுசாகக் கிடந்தது. பாதி கரைந்து பாதி நின்றிருந்தால் கலப்பு நூல் என்று சொல்லியிருப்பேன், அதற்கும் இடமில்லை. இந்தச் சோதனையைச் செய்பவர்கள் பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

இந்தச் சோதனையைக் காணொளியாக அனுப்பியதும் பேச்சு மாறியது. 500 ரூபாய் திருப்பித் தருகிறோம், வெளியில் எதுவும் எழுதக்கூடாது என்றார்கள். மறுத்தேன். பெரியம்மாவின் கைக் கொப்புளத்தைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மாலையே என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது: எதிர்த்தரப்பின் முகவரி என்று எழுத என்னிடம் எதுவுமே இல்லை, ஒரு தொலைபேசி எண்ணும் பணம் அனுப்பிய குறியீடும் மட்டுமே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணையத்தில் விற்பவர் தம் பெயர், முகவரி, குறைகேட்கும் அலுவலர் விவரம் எல்லாம் தரவேண்டும். வாங்குவதற்கு முன்பே நான் அதைத் தேடியிருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதற்காகப் பணம் அனுப்பிய பதிவு, உரையாடல், கூரியர் உறையின் மேல் இருந்த அனுப்புநர் சீட்டு, பூப்போட்ட தாள், மிஞ்சிய நூல் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பார்சல் உறையை யாரும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஸ்வெட்டரைத் திரும்பத் தரப் பெரியம்மாவுக்கு மனமே இல்லை. கணப்புப் பக்கம் போகாமல் படுக்கையில் மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். நான் பிடிவாதமாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, அம்மாவின் சால்வையைக் கொடுத்துவிட்டு வந்தேன். புது நூல் வாங்கியாகிவிட்டது. இந்த முறை ஆலையின் பட்டையும், கம்பளி என்பதற்கான வுல்மார்க் முத்திரையும் இருந்தன, ஆனாலும் முத்திரையை யாரும் அச்சடித்து ஒட்டலாம் என்பதால் முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கி, எடை போட்டு, இழையைக் கொளுத்திப் பார்த்த பிறகே மீதியை வாங்கினேன். முதுகுப் பக்கம் பாதி ஏறியிருக்கிறது.

பூப்போட்ட தாள் சுற்றி, ஆலைப் பட்டை இல்லாமல் ‘மெரினோ’ என்று வந்த நூல் உங்கள் பெட்டியில் இருந்தால், ஒரு இழையை வெட்டிச் சோதித்துவிடுங்கள். அதில் பின்னியதை யாருக்காவது பரிசாகக் கொடுத்திருந்தால் அவர்களை இன்றே அழைத்து, அடுப்புக்கும் கணப்புக்கும் விளக்குக்கும் அருகில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது ஆகியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கையால் பின்னிக் கொடுத்தவரிடம் அவர்களாக வாய் திறந்து சொல்லமாட்டார்கள். என் பெரியம்மா பதினைந்து நாள் சொல்லவில்லை.