உப்புக்காற்றில் 11 வருடம்: என் புடவைகளும் செருப்புகளும் தாங்கிய விதம்

2019 தை மாதம், எங்கள் கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்தில் நாத்தனார் மகள் கல்யாணம். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயில் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரே காலையில் எத்தனையோ கல்யாணங்கள், கால் வைக்க இடம் இருக்காது. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தோம். பாதி வழியில் வலது கால் செருப்பு ஒரு மாதிரி அமுங்கியது. குனிந்து பார்த்தால் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிர்ந்து ரோட்டில் கிடக்கிறது. கோயில் வாசலுக்குப் போவதற்குள் இடது செருப்பும் போய்விட்டது.

அது 2016ல் வாங்கிய செருப்பு. விசேஷத்துக்கு மட்டும் என்று பெட்டியோடு பரணில் வைத்திருந்தேன். போட்டது நாலே தடவை. தினமும் பஸ்ஸுக்கு மாட்டிக்கொண்டு ஓடும் செருப்பைவிட மூன்று மடங்கு விலை. மனசு ஆறாமல் அதை மஞ்சக்குப்பத்தில் எப்போதும் செருப்பு தைத்துத் தரும் பெரியவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கி ஒரு திருப்பு திருப்பியவர், "இதுல ஊசியே நிக்காதும்மா. பி.யு. அடி. நம்ம ஊரு ஈரத்துக்குப் பெட்டியில இருந்தாலும் இத்துப்போயிடும்" என்றார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பி.யு. என்பது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரம் வருடக்கணக்கில் அதற்குள் இறங்கி, அதைப் பிடித்துவைத்திருக்கும் இணைப்புகளை அறுத்துவிடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்த ஊரில் இது வேகமாக நடக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஆயுசு எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ரப்பர் அடிக்கும், ஈ.வி.ஏ. என்கிற லேசான நுரை அடிக்கும் இந்த நோய் கிடையாது. கடையில் மூன்றும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் பெட்டியிலோ செருப்பின் உள்ளேயோ போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எது வாங்கினாலும் உள்பக்கம் தெரியாத இடத்தில், அழியாத மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதிவிடுவேன். புடவை என்றால் உள்ளே சொருகும் தலைப்பின் மூலையில், குர்தி என்றால் பக்கத் தையலுக்குள், செருப்பு என்றால் வாரின் அடியில். கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை. 2014லிருந்து வாரம் ஆறு நாள் பஸ். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போகும் பஸ்ஸில் வேர்வை, ஆபீஸில் ஏசி, சாயங்காலம் கடற்காற்று. எது தாங்கியது, எது கைவிட்டது என்று இப்போது தேதியோடு சொல்ல முடிகிறது.

செருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகம் காசு விட்டது அதில்தான். நம் பக்கம் ஒரு நாளில் எத்தனை தடவை செருப்பைக் கழற்றுகிறோம்! மணக்குள விநாயகர் கோயில் வாசலில், அரவிந்தர் ஆசிரமத்துக்குள் போகும்போது, தெரிந்தவர்கள் வீட்டுப் படியில், மண்டபத்தில் மணமேடைக்கு முன்னால். கணுக்காலில் பக்கிள் போட்ட செருப்போடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நிமிர்ந்தால் மடிப்பு கலைந்துவிடும். பின்வார் எலாஸ்டிக்காக இருக்கிற, காலை அப்படியே நுழைக்கிற மாதிரி தோல் செருப்பு ஒன்று 2019 மாசியில் வாங்கினேன். ஒன்றரை அங்குலக் கட்டைக் குதிகால், அடி ரப்பர். இரண்டு தடவை அடி மாற்றியிருக்கிறேன், மேல்தோல் இன்னும் உறுதி. கல்யாணம், வளைகாப்பு, ஆபீஸ் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதுதான். போனால் போகட்டும் என்று விடவும் மனசு வராது, கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகும்போது பயமும் இருக்காது. விசேஷச் செருப்பு அந்த விலையில் இருப்பது நல்லது.

மழைக்காலத்தில் அதைத் தொடுவதில்லை. ஐப்பசி பிறந்ததும் துடைத்து, காயவைத்து, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து, துணிப்பையில் போட்டு வெளித்தட்டிலேயே வைக்கிறேன். பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்த ஒரு ஜோடி கார்த்திகைக்குள் பச்சையாகப் பூசணம் பூத்ததைப் பார்த்தபிறகு, தோலுக்குக் காற்று வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழைக்கு என்றால் நிறையப் பேர் ரப்பர் செருப்பு மாட்டுகிறார்கள். நானும் மூன்று வருடம் அதைத்தான் போட்டேன். ஒவ்வொரு எட்டுக்கும் குதிகால் பக்கம் சட்டென்று மேலே வந்து சேற்றை முதுகு வரைக்கும் வாரி அடிக்கும். ஆபீஸில் போய் இறங்கினால் சுடிதாரின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி. பின்னால் வார் பிடித்த, ஓட்டை ஓட்டையாக இருக்கிற, ஒட்டோ தையலோ இல்லாமல் ஒரே துண்டாக வார்த்த செருப்புக்கு மாறியபிறகு அந்தத் தொல்லை விட்டது. பாதத்தோடு ஒட்டி நடப்பதால் சேறு எழும்புவதில்லை; குழாயில் காட்டினால் சுத்தம், பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடும். வாங்கும்போது அடியைத் திருப்பிப் பார்த்து, பள்ளம் ஆழமாக வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வழவழ அடி என்றால் ஈரக் கிரானைட் படியில் ஆளைச் சாய்த்துவிடும். அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருந்தது மாலையில் கடிக்கும்.

துணிக்கு வருகிறேன். துணி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். புதுச்சேரி ஏ.எஃப்.டி. மில்லில், அவர் பாஷையில் ரோடியர் மில்லில், வேலை பார்த்தவர். 1898ல் தொடங்கிய மில். 2020ல் மூடிவிட்டார்கள். அதற்கும் முந்தைய காலத்தில் இந்த ஊரிலிருந்து கினி என்கிற நீலச்சாயத் துணி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரைக்கும் கப்பலில் போனதை அவர் தன் வீட்டுக் கதை மாதிரி சொல்லுவார். முதல் தடவை அவரோடு துணி எடுக்கப் போனபோது நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாரும்மா. நூலு சீரா இருக்கா, எங்கயாவது தடிச்சு மெலிஞ்சு போவுதான்னு பாரு. அப்புறம் விரல்ல தேய்ச்சுப் பாரு, மாவு உதிர்ந்தா கஞ்சியில நிக்கிற துணி, ஒரே துவையல்ல தொளதொளன்னு ஆயிடும்" என்றார். இன்றைக்கும் கடையில் நான் முதலில் செய்வது இந்த இரண்டும்தான்.

சித்திரையிலிருந்து ஆடி வரை நம் கடற்கரையில் பிரச்சினை வெயில் மட்டும் இல்லை. வேலூரில் வெயில் இன்னும் அதிகம், ஆனால் அங்கே வேர்வை காய்கிறது. இங்கே காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை உடம்பிலேயே நிற்கிறது. பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. மே 4லிருந்து 28 வரைக்கும் கத்திரியில் சிந்தெடிக் புடவையோடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு முதுகில் தெரியும். ஆனால் கனத்த பருத்தியும் உதவாது, நனைந்தால் காயாது. 80 கவுண்ட், 100 கவுண்ட் மாதிரி மெல்லிய நூலில் (கவுண்ட் எண் ஏற ஏற நூல் மெல்லிசு) நெய்த புடவைதான் எனக்குச் சரிப்பட்டது.

நிறத்தில் நான் கற்றது ஒன்று உண்டு, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வெளிர்ச் சாம்பலும் வெளிர் நீலமும் அக்குளில் நனைந்த இடத்தை வட்டம் போட்டுக் காட்டும். கறுப்பும் கருநீலமும் நனைந்தபோது காட்டாது, காய்ந்தபிறகு முதுகில் வெள்ளையாக உப்புக் கோடு பூக்கும். மீட்டிங் உள்ள நாளில் இரண்டுமே வேண்டாம். சின்னப் பூப்போட்டதும், பொடிக் கட்டமும், வெள்ளையும் காப்பாற்றும். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது கைக்குழியை அரை அங்குலம் இறக்கி, மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் லைனிங் வைக்கச் சொல்லுங்கள். கொக்கி பித்தளையாக இருக்கட்டும். சாதா கொக்கி நம் காற்றுக்கு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து, துணியில் போகாத பழுப்புக் கறை விடும். என் டெய்லர் அக்காவிடம் ஒரு சின்னக் காந்தம் கொடுத்திருக்கிறேன். ஒட்டினால் இரும்பு, அதை வைக்க வேண்டாம் என்று பேச்சு.

ரேயான் குர்திகள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விழுகிற அழகும் குளிர்ச்சியும் உண்மை. 2021ல் ஒரே நேரத்தில் மூன்று எடுத்தேன். முதல் துவையலில் இரண்டு அங்குலம் ஏறியது. நனைந்த ரேயானுக்குப் பாதி வலுதான் இருக்கும், மெஷினில் முறுக்கினால் தையலோரம் விட்டுக்கொடுத்துவிடும். ஒரு வருடம் தாண்டவில்லை. இப்போதும் ஆசைக்கு ஒன்று எடுத்தால் ஒரு அளவு பெரிதாக எடுத்து, கையால் அலசி, பிழியாமல் கொடியில் போடுகிறேன். தினசரிக்கு வேண்டாம்.

ஜீன்ஸ் கார்த்திகையில் இரண்டு நாள் ஆனாலும் காயாது, வாடை வேறு. ஆனி, ஆடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டுக்கு வந்தால், என் கல்யாணப் புடவை 2005ல் எடுத்தது, ஜரிகை இன்றும் மங்கவில்லை. செய்தது பெரிய வித்தை இல்லை. பிளாஸ்டிக் கவர் கிடையாது, துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றிவைத்தேன்; மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாற்றினேன்; செண்ட் நேராகப் பட விட்டதில்லை. அதே பீரோவில் பரிசாக வந்த ஒரு சில்க் காட்டன் செப்பு ஜரிகைப் புடவை ஐந்தே வருடத்தில் கறுத்துவிட்டது. கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்கள் விலை குறைந்த ஜரிகைக்குப் பதில் நூல் பார்டர் எடுப்பது மேல் என்பது என் கருத்து. வரவேற்பு மேடை வெளிச்சத்துக்குக்கூட நல்ல நூல் பார்டர் குறைவாகத் தெரிவதில்லை. சாவு வீட்டுக்கும் காரியத்துக்கும் அதே புடவையைக் கட்டலாம், மினுக்கம் கண்ணை உறுத்தாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தானே புயல் 2011 டிசம்பர் 30ல் அடித்தபோது காற்றுதான் எல்லாவற்றையும் கொண்டுபோனது, இந்த முறை தண்ணீர். இரண்டு நாள் கழித்துத் தென்பெண்ணை பெருகி, ஆற்றோரம் இருக்கிற சித்தி வீட்டுக்குள் புகுந்தது. உயிர் தப்பி வந்தார்கள், அதுவே போதும். திரும்பிப் போய் பீரோவைத் திறந்தபோது கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் பட்டு. ஈரத்தோடு மடிந்தே கிடந்ததில் அரக்குப் புடவையின் சாயம் சந்தன நிறப் புடவையில் ஏறிவிட்டது. சித்தி ஒன்றும் பேசவில்லை, அந்தச் சந்தனப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மகள் நிச்சயத்துக்குக் கட்டியது. பருத்திப் புடவைகளை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசியதும் சேறு விட்டது. சித்தப்பாவின் குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலிகள் நிறம்கூட மாறாமல் வந்தன. வீட்டுக்கு வந்ததும் என் பீரோவை மாற்றி அடுக்கினேன். பட்டு மேல்தட்டுக்குப் போனது, கைலியும் பெட்ஷீட்டும் கீழே வந்தன. தாழ்வான தெருவில் இருப்பவர்கள் புரட்டாசிக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் போவதானால் மூடின ஷூ போடாதீர்கள், ஈரமணல் உள்ளே போனால் கால் புண்ணாகிவிடும். கட்டிப்போன புடவையை வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். உப்பு நூலிலேயே காய்ந்தால் துணி மொரமொரப்பாகி மடிப்பில் கிழியும்.

போன மாதம் மகளுக்குக் கல்லூரி விழா. பாவாடை தாவணிக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூதான் போடுவேன் என்று பிடிவாதம். எனக்கு முதலில் ஒப்பவில்லை. நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கியதில் அவள் எடுத்துவந்த ஷூவை நான் வளைத்துப் பார்த்தேன். முன்விரல் மடியும் இடத்தில் மட்டும் வளைந்தது, நடுவில் வளையவில்லை. அடி ரப்பர். அங்கேயே மாட்டி நடந்து காட்டினாள். மூன்று மணி நேரம் ஆடப்போகிற பிள்ளைக்கு அதுதான் சரி என்று தோன்றியது, பாவாடைக் கரைக்குக் கீழே வெள்ளை எட்டிப்பார்த்ததும் அழகாகத்தான் இருந்தது. "துவைச்சா நிழல்ல காயப்போடு, வெயில்ல போட்டா மஞ்சளாயிடும், சோப்பு நல்லா போற வரைக்கும் அலசு" என்றேன். வீட்டுக்கு வந்ததும் அவளே என் மேஜையிலிருந்து மார்க்கரை எடுத்துக்கொண்டுபோய் ஷூ நாக்கின் உள்பக்கம் மாதத்தையும் வருடத்தையும் எழுதிவைத்திருக்கிறாள்.