பெரிய பையில் பழைய வேர்: கன்று வாங்குமுன் இதைப் பாருங்கள்

ஆள் உயரக் கன்று, பெரிய பை, பச்சைப்பசேல் இலை. ஒரு நர்சரி அப்படி விற்ற மரக்கன்றுகள் நட்ட சில வாரங்களிலேயே ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. கேட்டால், "தண்ணீர் சரியா விட்டிருக்க மாட்டீங்க" என்கிறார்கள். பட்டதைத் தோண்டிப் பார்த்தால் விஷயம் வேறு. சின்னப் பையில் நெடுநாள் கிடந்து வேர் சுருண்ட கன்றை, விற்பதற்குச் சற்று முன்னால் பெரிய பைக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய பையின் வடிவம் அப்படியே இருக்கிறது, சுற்றிப் போட்ட புது மண்ணில் ஒரு வேர்கூட ஓடவில்லை. இது ஏமாற்றுதான்.

சுருண்ட வேர் நட்ட பிறகும் வட்டமாகவே சுற்றும். தப்பிப் பிழைத்த மரத்திலும், தண்டு பருக்கப் பருக்க அந்த வேரே அதை இறுக்கும். பல ஆண்டு கழித்து மரம் காற்றில் சாயவும் கூடும்.

வாங்கும்போது தண்டின் அடியைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். மண்ணும் சேர்ந்து எழ வேண்டும். தண்டு மட்டும் ஆடி மேலே வந்தால் அண்மையில் மாற்றிய கன்று. மேல்மண்ணை விரலால் விலக்கினால் தண்டு வேராக விரியும் இடம் தெரிய வேண்டும். அடித்துளை வழியே தடித்த வேர் தரைக்குள் இறங்கியிருந்தால் தூக்கும்போதே அறுந்துவிடும், அதுவும் வேண்டாம். ஒட்டுக்கன்றில் தளிர் ஒட்டுக்கு மேலிருந்து வந்ததா என்று பாருங்கள். கீழிருந்து வந்தால் அது நீங்கள் கேட்ட ரகம் அல்ல, வேருக்காக அடியில் வைத்த செடி. ஒரு பையையாவது கிழித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? பையை முழுதும் அகற்றி, வேர்க்கட்டியின் பக்கங்களையும் அடியையும் 2–3 செ.மீ. கூரான கத்தியால் சீவிவிடுங்கள். குழியின் அகலம் கட்டியைப் போல 2–3 மடங்கு, ஆழமோ கட்டியின் உயரம் மட்டும். அதற்குமேல் ஆழமாகத் தோண்டி இளகிய மண் நிரப்பினால் கன்று அமிழ்ந்து தண்டின் அடி புதைந்துபோகும். தென்னைநார்க் கழிவில் வளர்ந்த கட்டி, சுற்றியுள்ள மண் ஈரமாக இருக்கும்போதே காய்ந்துவிடும். ஆகவே முதல் சில வாரங்கள் தண்ணீர் தண்டின் அடியில், கட்டிமேலேயே விழ வேண்டும். மண்ணை மூடப் பரப்பும் இலைதழை (மூடாக்கு) 5–10 செ.மீ., தண்டைத் தொடாமல். நிழல்வலையின் கீழ் வளர்ந்த கன்றை 1–2 வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கிய பிறகே நடுங்கள்.

பட்ட கன்றைத் தூக்கி எறியாதீர்கள். வேரைக் கழுவி, சுருள் தெரியும்படி படமெடுத்து, ரசீதோடு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.